கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு நட்ஸ் குக்கீ சுடுவதென்றால் எதைச் சுடலாம்?

டிசம்பர் பிறந்ததும் வீட்டில் ஓவன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை வந்துவிடும். பிளம் கேக் பிரச்சினை இல்லை, பழம் ஊறிக்கொண்டிருக்கிறது, அது தன்பாட்டில் நடக்கும். கூட வைத்துக் கொடுக்க, வெண்ணெயும் நட்ஸும் தாராளமாகப் போட்டு, வாயில் வைத்தால் கரைகிற மாதிரி ஒரு குக்கீ வேண்டும், அது எது? தேடினால் நூறு பெயர் வரும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கிவிடும்: ஆஸ்திரியாவின் வனிலா கிப்ஃபெர்ல், கிரேக்கர்களின் குராபியேதெஸ், அமெரிக்காவில் ஸ்னோபால், ரஷ்யன் டீ கேக், மெக்சிகன் வெட்டிங் குக்கீ என்று வீட்டுக்கு ஒரு பெயரில் சுற்றும் பெக்கான் (வால்நட் மாதிரி ஒரு பருப்பு) உருண்டை, அப்புறம் நம் பக்கத்து பேக்கரி கண்ணாடி ஜாடியில் இருக்கும் நான்கட்டாய்.

நாலுக்கும் அடிப்படை ஒன்றுதான். மாவு, கொழுப்பு, சர்க்கரை, நட்ஸ். முட்டை கிடையாது, இருந்தால் ஒரு மஞ்சள் கரு. அதனால் ருசியை மட்டும் வைத்து இவற்றில் ஒன்றைப் பொறுக்குவது கஷ்டம், சரியாகச் சுட்டால் நாலுமே நன்றாக இருக்கும். என் கணக்கு வேறு. செய்கிற குக்கீ எங்கே போகப்போகிறது, எத்தனை நாள் டப்பாவில் இருக்கணும், அந்த வாரம் மழை பெய்கிறதா, இந்த மூன்றையும் கேட்டுவிட்டால் விடை பாதி வந்துவிடும். ஐரோப்பாவில் எழுதின குறிப்புகளுக்கு இந்தக் கேள்விகளே தேவைப்படாது. அங்கே டிசம்பரில் சமையலறை மேடையே பாதி ஃபிரிட்ஜ். சென்னையிலோ நாகர்கோவிலிலோ வடகிழக்குப் பருவமழையின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும், காற்றில் ஈரம், அறைக்குள் 28 டிகிரி. வெண்ணெய் முழுதாக உருகுவது 32லிருந்து 35 டிகிரிக்குள், அதற்கு ரொம்ப முன்பே, 20 டிகிரியைத் தாண்டினாலே குழைய ஆரம்பித்துவிடும். மாவைக் கையில் உருட்டும்போது உள்ளங்கைச் சூடு வேறு.

போட்டிக்கு வெளியே நிறுத்தியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்திரி, கிறிஸ்துமஸ் என்றதும் நமக்கு முதலில் தூத்துக்குடி மக்ரூன் ஞாபகம் வரும், ஆனால் அது முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி சமாச்சாரம், வெண்ணெய்க்கு அங்கே வேலையே இல்லை. ஸ்காட்லாந்து ஷார்ட்பிரெட்டில் வெண்ணெய் ஏராளம், நட்ஸ் இல்லை. ஸ்பெயினில் எஸ்தேபா என்கிற ஊர் பொல்வொரோனுக்குப் பேர் போனது, மாவை முதலில் வறுத்து, பாதாம் பொடி சேர்த்து, கையில் எடுத்தாலே உதிர்கிற மாதிரி செய்வார்கள், அருமையான சங்கதி. ஆனால் அதில் போடுவது பன்றிக் கொழுப்பு, நம் தெருவில் எல்லா வீட்டுக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. மாவை வறுக்கிற யோசனையை மட்டும் அவர்களிடமிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம்.

வனிலா கிப்ஃபெர்ல்

பிறை வடிவம். 1683இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றதைக் கொண்டாட இந்தப் பிறை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள், கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வீடுகளில் வழக்கமாகப் போடும் அளவு ஏறக்குறைய இப்படி: 280 கிராம் மாவு, 210 கிராம் வெண்ணெய், 100 கிராம் பொடித்த பாதாம், 80 கிராம் சர்க்கரை. பாதாமுக்குப் பதில் ஹேசல்நட் அல்லது வால்நட் போடுவதும் உண்டு. முட்டை பெரும்பாலும் இருக்காது. இந்த அளவில் கவனிக்க வேண்டியது சர்க்கரைதான். மொத்த மாவில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லை. இனிப்பு முழுக்க வெளியே, சுட்டு எடுத்த சூட்டோடு வனிலா கலந்த பொடிச் சர்க்கரையில் புரட்டுவதில் இருக்கிறது.

நட்ஸை மாவு போலப் பொடித்துப் போடுவதால் ஒவ்வொரு கடியிலும் அதன் வாசனை வரும், ஆனால் கடிபடாது. மெல்லக் கஷ்டப்படும் வயதானவர்களுக்கும் பல் முளைக்கும் பிள்ளைகளுக்கும் இதைவிடத் தோதான நட்ஸ் குக்கீ இல்லை. பிரச்சினை வடிவம். பிறையின் இரண்டு முனையும் மெலிந்திருக்கும், அதனால் முனை சிவந்து நடு வெளுத்து நிற்கும், டப்பாவில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனால் பாதி முனை ஒடிந்துதான் போய்ச்சேரும். எனக்கு இந்த மாவு ரொம்பப் பிடிக்கும், பிறையாக உருட்டுவதுதான் பிடிக்காது. உருளையாகச் சுருட்டி ஃபிரிட்ஜில் இறுக்கி, கத்தியால் வட்ட வட்டமாக வெட்டிச் சுட்டால் ருசி அதேதான். வியன்னா பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

குராபியேதெஸ்

கிரேக்க வீடுகளில் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் செய்வது. வடக்கே கவாலா பக்கம் நேயா கர்வாலி என்ற ஊர் இதற்கென்றே பேர் வாங்கியது. இதில் பாதாம் பொடியாக இருக்காது, நன்றாக வறுத்து ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டிருப்பார்கள். வெண்ணெயையும் பொடிச் சர்க்கரையையும் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை வெகு நேரம் அடிப்பார்கள், ஒரு மஞ்சள் கரு, கொஞ்சம் பிராந்தியோ ஊசோ என்கிற சோம்பு வாசனை மதுவோ, சுட்டபின் மேலே பன்னீர் தெளித்து, பிறகு ஆள் அடையாளம் தெரியாத அளவுக்குப் பொடிச் சர்க்கரையில் புதைத்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் என்றால் உச்சியில் ஒரு கிராம்பு குத்துவதும் உண்டு. ஊரில் செம்மறி, வெள்ளாட்டுப் பாலில் எடுத்த வெண்ணெய் போடுவார்கள், அதற்கு ஒரு தனி வாடை. நமக்கு அது தேவையில்லை.

நாலில் எதைச் சாப்பிட ஆசை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். வறுத்த பாதாமும் பன்னீரும் நம் நாக்குக்கு அந்நியமில்லை, கல்யாண வீட்டு வாசனை. ஆனால் செய்து கொடுக்கத் தோதா என்றால் இல்லை. சர்க்கரைப் பொடி அவ்வளவு கனமாக இருப்பதால் கடிக்கும்போது மூச்சை உள்ளே இழுத்தால் இருமல் வரும், வெள்ளைச் சட்டை தவிர வேறு எதைப் போட்டிருந்தாலும் தெரிந்துவிடும். பெரிய விஷயம் ஈரம். மழை பெய்கிற நாளில் அந்தச் சர்க்கரை காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து, மறுநாள் காலையில் குக்கீயின் மேல் பிசுபிசுவென்று ஒரு பசை. பன்னீர் தெளித்தது வேறு சேர்ந்துகொள்ளும். அன்றைக்கே சுட்டு, அன்றைக்கே பத்துப் பேர் உட்கார்ந்து காலி செய்கிற வீட்டுக்குத்தான் இது. முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் மஞ்சள் கருவை விட்டுவிடலாம், இரண்டு ஸ்பூன் பால் போதும், பெரிய வித்தியாசம் தெரியாது.

பெக்கான் உருண்டை

அமெரிக்கர்களின் கிறிஸ்துமஸ் தட்டில் இது இல்லாமல் இருக்காது. பெக்கான் அந்த மண்ணின் மரம், அமெரிக்காவின் தெற்கும் மெக்சிகோவின் வடக்கும் அதன் சொந்த ஊர், டெக்சஸ் 1919இலேயே அதை மாநில மரமாக அறிவித்துவிட்டது. ஒரு கப் வெண்ணெய், அரை கப் பொடிச் சர்க்கரை, இரண்டே கால் கப் மைதா, முக்கால் கப் நறுக்கிய பெக்கான், வனிலா, உப்பு. எலுமிச்சை அளவைவிடச் சின்னதாக உருட்டி, சுட்டு, சூடாக ஒரு தடவை, ஆறியபின் ஒரு தடவை சர்க்கரையில் புரட்டணும்.

செய்வதற்கு நாலிலும் இதுதான் சுலபம். உருண்டை என்பதால் பயணத்தில் ஒடியாது. பிள்ளைகள் கூட உருட்டலாம், உண்டை பிடிக்க நமக்குச் சொல்லித்தரவா வேண்டும். சிக்கல் பெக்கான்தான். நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் இறக்குமதி, விலையைப் பார்த்தால் பாதாமே மலிவு என்று தோன்றும். அதைவிட மோசம், கடை அலமாரியில் எத்தனை மாதமாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது. பெக்கானில் எழுபது சதவீதத்துக்கு மேல் கொழுப்பு, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், அதைப் போட்டு நல்ல வெண்ணெயையும் சேர்த்துக் கெடுக்கிறோம். இந்த உருண்டையைச் செய்வதென்றால் வால்நட் போட்டே செய்யுங்கள், அமெரிக்காவிலேயே பல வீடுகளில் அப்படித்தான்.

நான்கட்டாய்

சூரத்தில் டச்சுக்காரர்கள் நடத்திய பேக்கரியில் பிறந்தது என்பார்கள். நெய், மைதா, கொஞ்சம் கடலை மாவு, கொஞ்சம் ரவை, பொடிச் சர்க்கரை, ஏலக்காய், மேலே அரை முந்திரி. முட்டை இல்லை, வெளியே சர்க்கரைப் பூச்சும் இல்லை. அந்தக் கடைசி விஷயத்துக்காகவே நம் காலநிலையில் இது மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இனிப்பு முழுக்க மாவுக்குள்ளேயே இருப்பதால் மழை பெய்தாலும் பிசுபிசுக்க எதுவும் இல்லை, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். குறை என்னவென்றால் பலரும் இதை நட்ஸ் குக்கீயாகவே செய்வதில்லை, மேலே ஒட்டிய ஒரு முந்திரித் துண்டோடு முடித்துவிடுகிறார்கள். மைதாவில் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வறுத்துப் பொடித்த முந்திரியோ பாதாமோ போட்டுப் பாருங்கள், அது வேறு பண்டம்.

ஆக இதுவரை என் தீர்ப்பு: அன்றைக்கே தீரும் விருந்துக்கு குராபியேதெஸ், பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய வால்நட் உருண்டை, வெளியூருக்கு அனுப்பவும் பத்து வீட்டுக்குக் கொடுக்கவும் நான்கட்டாய் வழியில் ஒரு குக்கீ. வீட்டில் வைத்துத் தின்ன, ஒரே ஒரு குக்கீதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், கிப்ஃபெர்ல் மாவை வட்டமாக வெட்டிச் சுடுவது. அந்த மாவில் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டி உள்ளேயே வைத்துவிட்டால் மேல் பூச்சு வேண்டாம், மழைக்கும் பயமில்லை.

வெண்ணெயா, நெய்யா, இரண்டுக்கும் நடுவிலா

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பேசலாம். வெண்ணெயில் 80 சதவீதம்தான் கொழுப்பு, 16 சதவீதம் வரை தண்ணீர், மிச்சம் பாலின் திடப்பொருள். நெய்யில் தண்ணீர் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 100 கிராம் நெய் போட்டால் கொழுப்பு கூடிப்போய், தட்டில் வழிந்து அப்பளம் மாதிரி பரவிவிடும். 80 கிராம் நெய், ஒரு ஸ்பூன் பால், அதுதான் சரியான மாற்று.

பதமும் மாறும். வெண்ணெயின் தண்ணீர் மாவோடு சேர்ந்து லேசாக ஒரு பிடிப்பைக் கொடுக்கும், அடுப்பில் அதே தண்ணீர் ஆவியாகி மெல்லிய அடுக்கையும் மொறுமொறுப்பையும் கொடுக்கும். நெய்யில் செய்தது மணல் போல உதிரும், மொறுமொறுப்பு குறைவு, கரைவது அதிகம். இதில் எது உசத்தி என்று சண்டை வேண்டாம். நெய் போடுவதென்றால் உருகின நெய்யைப் போடாதீர்கள், உறைந்து மணல் மணலாக இருக்கும் நெய்யை எடுத்து வெளுக்கிறவரை அடியுங்கள். சென்னை வீட்டில் நெய் உறையவே மாட்டேன் என்கிறது என்றால் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வெண்ணெயிலும் எந்த வெண்ணெய்? மஞ்சள் பாக்கெட்டில் வருவது உப்பு வெண்ணெய். அதில் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் உப்பு என்று வைத்தால், கிப்ஃபெர்லுக்குப் போடும் 210 கிராமில் 5 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் உப்பு தானாகவே வந்துவிடும். சர்க்கரை குறைந்த மாவுக்கு இது அதிகம். உப்பில்லாத வெண்ணெய் வாங்கி நாமே ஒரு சிட்டிகை போடுவது நல்லது, கிடைக்காவிட்டால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். வீட்டில் கடைந்த வெண்ணெயும் ஊத்துக்குளியிலிருந்து வரும் வெண்ணெயும் வாசனையில் பாக்கெட்டை ஓரம் கட்டிவிடும், ஆனால் மோர் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பது உருண்டைக்கு உருண்டை மாறும். ஐஸ் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, துணியில் வைத்து ஒற்றி எடுத்தபின்தான் எடை போடணும்.

டால்டாவும் மார்ஜரினும் உண்டே என்பீர்கள். பேக்கரிக்காரர்கள் போடுவதற்குக் காரணம் விலை மட்டுமில்லை, அது வெண்ணெயைவிட அதிகச் சூட்டில் உருகும், குக்கீ வடிவம் கலையாமல் நிற்கும். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் சட்டமும் இருக்கிறது, அதனால் பழைய பயம் அளவுக்கு இல்லை. ஆனாலும் வாயின் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டின மாதிரி ஒரு உணர்வு வரும், பாதாம் விலை கொடுத்து வாங்கி அதோடு சேர்ப்பது வீண்.

நான் சிபாரிசு செய்வது நடுவழி: வெண்ணெயைச் சிவக்கக் காய்ச்சுவது. நெய் காய்ச்சுவதுதான், அடியில் கசடு பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பாகும்போது நிறுத்தணும், வடிகட்டாமல் கசடோடு சேர்த்து ஊற்றி வைக்கணும். நம் வீட்டில் வெண்ணெய் காய்ச்சும் அன்றைக்கு அந்தக் கசடில் சோறோ சர்க்கரையோ போட்டுப் பிசைந்து தின்றவர்களுக்கு இதன் ருசியை விளக்க வேண்டியதில்லை. நட்ஸ் வாசனையோடு இது சேரும்போது குக்கீக்கு ஒரு ஆழம் வருகிறது. காய்ச்சும்போது தண்ணீர் போய்விடுவதால் எடை ஆறில் ஒரு பங்கு குறையும், அதனால் 250 கிராமில் ஆரம்பித்தால் 210க்குப் பக்கத்தில் கிடைக்கும். ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிட்டு, அப்புறம்தான் அடிக்கணும்.

எந்த நட்ஸ்

பாதாமில் பாதி எடை கொழுப்பு, வால்நட்டில் 65 சதவீதம், முந்திரியில் 44 அளவுக்குத்தான். முந்திரியில் மாவுச்சத்து அதிகம், அதனால் முந்திரி போட்ட குக்கீ மெத்தென்று, பால் வாசனையோடு வரும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் வறுக்காமல் போட்டால் முந்திரி இருப்பதே தெரியாது. சின்னத் தீயில் லேசாக நிறம் மாறும்வரை வறுப்பது அவசியம். இதற்கு முழு முந்திரி வாங்கவே வேண்டாம். டபிள்யூ 320, 240 என்று எண் போட்டு விற்பதெல்லாம் ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப் பருப்பு என்ற கணக்கு, எப்படியும் நாம் பொடிக்கத்தானே போகிறோம். பண்ருட்டிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் துண்டு முந்திரி ஒரு கிலோ வாங்கிவரச் சொல்லுங்கள்.

பாதாம் நம்பகமானது, தோலோடு பொடித்தால் நிறம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஊறவைத்துத் தோல் உரித்தால் மறுபடி நன்றாக உலர்த்தணும், இல்லாவிட்டால் அந்த ஈரம் மாவைக் கெடுக்கும். வால்நட்டில் லேசான கசப்பு இருக்கிறது, வெண்ணெயின் திகட்டலை அது அறுக்கும், என் ஓட்டு அதற்கே. காஷ்மீர் வால்நட்டோ வெளிநாட்டதோ, வாங்குமுன் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள், எண்ணெய் காறின வாடை வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மிச்சத்தை ஃபிரீசரில் வையுங்கள். பிஸ்தா பார்க்க அழகு, அவ்வளவு விலைக்கு அடுப்பில் நிறமும் போய்விடும், மேலே தூவ மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேர்க்கடலையை இளப்பமாக நினைக்க வேண்டாம், தோல் நீக்கி வறுத்துப் பொடித்தால் காசுக்கு ஏற்ற அருமையான குக்கீ வரும், ஆனால் வேறு எந்த நட்ஸோடும் கலக்காதீர்கள், எல்லாவற்றையும் அமுக்கிவிட்டுத் தான் மட்டும் தெரியும்.

பொடிப்பதில் ஒரு விஷயம். வறுத்த சூட்டோடு மிக்சியில் போட்டு ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். முழுக்க ஆறணும், குறிப்பில் இருக்கும் மாவிலிருந்து ஒரு கைப்பிடி கூடப் போடணும், விட்டு விட்டு ஓட்டணும்.

எதில் சுடுவது

ஓ.டி.ஜி., அதாவது மேலும் கீழும் கம்பி எரிகிற சின்ன மின்சார ஓவன், இருந்தால் நல்லது, நடுத் தட்டில், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரிய. வெளியே திருகில் 170 என்று இருந்தால் உள்ளே 170தான் என்று நம்பவேண்டாம், சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே தொங்கவிடுவது நட்ஸ் வாங்குகிற காசைக் காப்பாற்றும். அடி கருகுகிற ஓவன் என்றால் தட்டின் கீழ் இன்னொரு தட்டு வையுங்கள். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் விசிறி ஓடுவதால் 15, 20 டிகிரி குறைத்துக்கொள்ளணும், சீராகச் சிவக்கும், ஆனால் தட்டு சின்னது, பத்து வீட்டுக்குச் செய்ய ராத்திரி ஆகிவிடும். குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் சுடுவது நான்கட்டாய்க்கு ஒத்துவரும், அதற்கு மேலே நிறம் வேண்டியதில்லை. கிப்ஃபெர்லுக்கும் ஒருவழியாகச் சரி. பெரிய அளவில் செய்ய முடியாது என்பதுதான்.

சரி, நான் செய்வது

250 கிராம் உப்பில்லாத வெண்ணெயைச் சிவக்கக் காய்ச்சி, கசடோடு ஒரு பாத்திரத்தில் ஊற்றி, களிம்பு பதத்துக்கு இறுகும்வரை ஃபிரிட்ஜில். 100 கிராம் வால்நட்டை வறுத்து ஆறவைத்துப் பொடி. இன்னும் 40 கிராமை ஒன்றிரண்டாகக் கத்தியால் நறுக்கி வைத்துக்கொள்ளலாம், கடிபட ஏதாவது இருந்தால் எனக்குப் பிடிக்கும். மைதா 250 கிராம், அதோடு 30 கிராம் அரிசி மாவு, இந்த அரிசி மாவு குக்கீயை நறுக்கென்று ஆக்கும். மேல் பூச்சு இல்லை என்பதால் சர்க்கரை 80க்குப் பதில் 120 கிராம், பொடித்தது. முக்கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு, வனிலா அல்லது ஏலக்காய், இரண்டில் ஒன்று.

இறுகின வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை அடித்து, மாவும் வால்நட் பொடியும் சேர்த்து விரல் நுனியால் ஒன்றுகூட்டணும். சப்பாத்தி மாவு மாதிரி பிசையக் கூடாது, சேர்ந்தால் போதும். காய்ச்சிய வெண்ணெயில் தண்ணீர் இல்லாததால் மாவு உதிரியாக நிற்கும், ஒன்றிரண்டு ஸ்பூன் குளிர்ந்த பால் தெளித்தால் பிடிபடும். இரண்டு உருளையாகச் சுருட்டி பட்டர் பேப்பரில் இறுக்கிச் சுற்றி, குறைந்தது இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில். இந்த ஒன்றை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள், நம் சூட்டில் வடிவம் நிற்பதும் நிற்காததும் இங்கேதான் முடிவாகிறது. வெட்டும்போது விரல் பருமனில் பாதி. ஒரு உருளையை வெட்டும்போது இன்னொன்று ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும், தட்டும் சில்லென்று இருக்கணும், முந்தின சுற்றின் சூடான தட்டில் வைத்தால் அடுப்புக்குள் போகுமுன்பே உருகும்.

165 டிகிரியில் 14லிருந்து 17 நிமிஷம். ஓரம் பொன்னிறமாகத் திரும்பினதும் எடுத்துவிடுங்கள், நடுவில் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், இன்னும் வேகவில்லையோ என்று தோன்றும், ஆறும்போது தானாக இறுகும். சூட்டோடு தட்டிலிருந்து எடுத்தால் உடைந்துபோகும், பத்து நிமிஷம் விட்டுவிடணும். முழுக்க ஆறாமல் டப்பாவில் போட்டால் உள்ளே வேர்த்து எல்லாம் நமத்துப் போகும்.

பொடிச் சர்க்கரை தூவித்தான் ஆகணும், கிறிஸ்துமஸ் என்றால் பனி மாதிரி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், தட்டில் வைக்குமுன் தூவுங்கள், டப்பாவில் போடுமுன் வேண்டாம். வீட்டில் பொடித்த சர்க்கரையில் இருபதில் ஒரு பங்கு கார்ன்ஃப்ளார் கலந்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், கடையில் வாங்கும் ஐசிங் சுகரில் அது பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும்.

வெளியே கொடுப்பதற்கு நான்கட்டாயைச் செய்கிறவர்கள் இதே மாதிரி டிசம்பர் முதல் வாரத்திலேயே மாவை உருளையாக்கி ஃபிரீசரில் போட்டுவிடலாம், ஒரு மாதம் ஒன்றும் ஆகாது. 22, 23ஆம் தேதிகளில் எடுத்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து, வெட்டிச் சுட்டால் போதும், கேக்குக்கும் பிரியாணிக்கும் அடுப்படி காலியாக இருக்கும். டப்பா மேல் என்ன நட்ஸ் என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், பொடித்துப் போட்டிருப்பதால் பார்த்துத் தெரியாது, வாங்குகிற வீட்டில் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கலாம். முட்டை இல்லை என்பதையும் அதே சீட்டில் எழுதிவிட்டால், பக்கத்து வீட்டு மாமி கேட்கவே வேண்டியதில்லை.